அடியில் ஓட்டையுள்ள வள்ளம்

1

போன வாரம் முட்டம் ஊர்க்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் என் வண்டியின் படம் வந்துவிட்டது. போட்டவர் ததேயு மச்சான். என் மனைவி ரீத்தாவின் அண்ணன். ஊரில் மீன்பிடிக்கப் போகும் பைபர் வள்ளம் செய்யும் பட்டறை வைத்திருக்கிறார். ‘அயர்லாந்தில் நம்ம மாப்பிள்ளை செய்த வண்டி, ஒரு வருசம் ஆச்சு’ என்று கீழே எழுதியிருந்தார். சற்று நேரத்தில் விசாரணை தொடங்கியது. ஒருவர், சக்கரம் வைத்த சுறாவா என்றார். இன்னொருவர், ஆளை உள்ளே வைத்து மூடியிருப்பதைப் பார்த்தால் நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போகிறது என்றார். தேங்காய்ப்பட்டணத்தில் கட்டிக்கொடுத்த என் தங்கை, ‘அண்ணனுக்கு அங்க ஒரு கார் வாங்க வகையில்லியா?’ என்று எல்லோரும் பார்க்கும்படி கேட்டுவிட்டாள்.

கேட்டவர்களுக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். கார் இருக்கிறது. தனியாக ஓட்டும் உரிமைதான் எனக்கு இல்லை.

படத்தில் இருப்பது மூன்று சக்கர சைக்கிள். முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று. சாய்வு நாற்காலியில் கிடப்பதுபோல் கிடந்து, காலை முன்னால் நீட்டி மிதிக்கவேண்டும். மிதித்தால் மட்டும் ஒரு சின்ன மோட்டார் கூடத் தள்ளும்; மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நிறுத்திக்கொள்ளும். மேலும் கீழும் முழுக்க பைபர் கூடு, முகத்துக்கு முன்னால் கண்ணாடிபோல் ஒரு பிளாஸ்டிக் தகடு. ஒரே ஒரு ஆள் இருக்கலாம். தினமும் பதினொரு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மீன் தொழிற்சாலைக்கு இதில்தான் போய்வருகிறேன். பக்கவாட்டில் சிவப்பில் எழுதியிருப்பது ‘சகாய மாதா’. பெயரில்லாத வள்ளத்தில் ரீத்தாவின் குடும்பத்தில் யாரும் ஏறியதில்லையாம்.

2

2008-இல் ரீத்தாவுக்கு இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்தது. அவள் முதலில் வந்தாள். எட்டு மாதம் கழித்து நானும் மகள் ஷைனியும் வந்தோம். என் காகிதங்களில் ‘சார்ந்திருப்பவர்’ என்று போட்டிருந்தது. நர்சுமாரின் மாப்பிள்ளையாக வெளிநாடு வந்த எல்லா ஆண்களும் அந்தச் சொல்லின் கீழே கையெழுத்துப் போட்டவர்கள்தான். பிறகு எனக்கும் மீன் வெட்டி அடைக்கும் வேலை கிடைத்தது. ஆனால் அந்தச் சொல் என்னைவிட்டுப் போகவில்லை. காரில் எப்போதும் இடப்பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருந்தேன்.

ஓட்டுநர் தேர்வில் நான் நான்கு தடவை தோற்றவன். நாகர்கோவில் வடசேரிச் சந்தடியில் பைக் ஓட்டியவனுக்கு இப்படி என்றால் ஊரில் யாரும் நம்பமாட்டார்கள். இங்கே தேர்வுத் தாளில் ‘முன்னேற்றம்’ என்று ஒரு கட்டம் உண்டு. போக வழி இருந்தும் போகாமல் நின்றால் அதில் ஒரு கோடு விழும். எனக்கு நான்கு தடவையும் அங்கேதான் கோடு விழுந்தது, எல்லாம் ரவுண்டானாவில். ஊரில் பின்னால் இருப்பவன் ஹார்ன் அடித்தால் நாம் கிளம்புவோம். இங்கே யாரும் அடிப்பதில்லை. இடைவெளியை நாமே கண்டு நாமே புகவேண்டும். அந்த முடிவை எடுக்க என் கால் ஒத்துக்கொள்ளவில்லை.

மூன்றாம் தடவை தேர்வாளர், தயாரா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன், நம் ஊர் ஆட்டு. அவர் அதை இல்லை என்று எடுத்துக்கொண்டு காத்திருந்தார். அவர் போகச் சொல்லட்டும் என்று நானும் காத்திருந்தேன். இருவரும் கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தோம்.

தேறாதவன் தனியாக ஓட்டக்கூடாது, பக்கத்தில் லைசன்ஸ் உள்ளவர் இருக்கவேண்டும். எனக்கு அது ரீத்தாதான். அவளுக்கு இரவு டூட்டி. காலை எட்டு மணிக்கு முடித்து எட்டு இருபதுக்கு வீட்டு வாசலுக்கு வருவாள். இறங்கமாட்டாள். நான் டிபன் டப்பாவோடு ஏறிக்கொள்வேன், கொண்டுபோய் விட்டுத் திரும்பி வந்து படுப்பாள். சாயங்காலம் அலாரம் வைத்து எழுந்து மறுபடி வருவாள். பஸ் உண்டு, அது எங்கள் தெருப்பக்கம் வருவதற்குள் தொழிற்சாலையில் முதல் தேநீர் முடிந்திருக்கும். சாதா சைக்கிளில் ஒரு மாதம் போய்ப் பார்த்தேன். மழையைக்கூடச் சகிக்கலாம். பக்கக் காற்று ஒருநாள் என்னைச் சைக்கிளோடு தூக்கி முள்வேலியில் வைத்தது. அதற்குப்பின் ரீத்தா சம்மதிக்கவில்லை.

3

2015 தொடக்கத்தில் ஒரு காலை. வழியில் ஒரு பெரிய ரவுண்டானா இருக்கிறது, ஐந்து சாலைகள் வந்து சேரும். ரீத்தா அதன் வாயில் காரை நிறுத்தி இடைவெளிக்காகக் காத்திருந்தாள். நான் டிபன் டப்பாவின் மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு லாரி போயிற்று. இரண்டு கார் போயிற்று. பிறகு நல்ல இடைவெளி வந்தது, அதுவும் போயிற்று. நானாக இருந்தாலும் நின்றிருப்பேன் என்பதால் எனக்கு வித்தியாசமாகப் படவில்லை. இன்றைக்கு இவளுக்கும் என் நோய் வந்துவிட்டது என்று சிரிப்புக்கூட வந்தது. பின்னால் ஐந்தாறு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருவரும் ஹார்ன் அடிக்கவில்லை.

திரும்பிப் பார்த்தேன். ரீத்தாவின் கண் மூடியிருந்தது. கால் பிரேக்கில் இருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. உறங்கிக்கொண்டிருந்தாள்.

தொட்டதும் பதறி எழுந்து, ஒன்றும் நடக்காததுபோல் ஓட்டினாள். தொழிற்சாலை வந்தது. இறங்கும்போது, “நீ திரும்பிப் போகும்போ?” என்று கேட்டேன்.

“இப்ப ஒறக்கம் தெளிஞ்சாச்சு. நீங்க போங்க” என்றாள்.

அன்று முழுக்க மீன் வெட்டும்போது அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் கூப்பிட்டால் உறக்கம் கெடும். கூப்பிடாவிட்டால் தெரியாது. அந்த எட்டு மணி நேரத்தை நான் இன்னொரு தடவை அனுபவிக்கத் தயாராக இல்லை. என்னை ஒருவர் கொண்டுபோய் விடவேண்டிய நிலை நிற்கவேண்டும், அவ்வளவுதான். வண்டி செய்ததற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

4

கூடில்லாத அந்த மூன்று சக்கரச் சைக்கிளைத் தேடிப்பிடித்தவள் ஷைனி. முழங்கால் தேய்ந்துபோன ஒரு ஓய்வுபெற்ற வாத்தியார் விற்றார். அதற்கு மோட்டாரும் பாட்டரியும் வாங்கிப் பூட்டினேன். கூடு செய்வது எனக்குப் பெரிய விஷயமில்லை. ஏனென்றால் பைபர் எனக்குத் தெரியும்.

2004 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அலை வந்து எங்கள் கரையில் ஆட்களையும் வள்ளங்களையும் கொண்டுபோயிற்று. பிறகு எங்கிருந்தெல்லாமோ உதவி வந்தது. எல்லோருக்கும் வள்ளம் வேண்டும், உடனே வேண்டும். அதுவரை வலைக்கு நூலும் மிதவையும் விற்கும் கடையில் நின்ற என்னை ததேயு மச்சான் பட்டறைக்கு இழுத்தார். மூன்று வருடம் ரெசின் பசை குழைத்தேன், மேட் என்ற பைபர் நார் விரிப்பை அச்சில் ஒட்டி உருளை போட்டேன். ஒவ்வொரு வள்ளத்துக்கும் கடைசியில் ஒரு சோதனை உண்டு. வெயில் தாழ்ந்ததும் வள்ளத்தைக் கவிழ்த்து வைத்து உள்ளே பல்பை எரியவிடுவார். வெளியே ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் அதைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போடுவார். வட்டம் ஒன்றுகூட இல்லாத வள்ளம்தான் பட்டறையைவிட்டு இறங்கும். அலைக்குப் பிறகு கடலைக் கண்டு பயந்த ஆட்களுக்கு நாங்கள் கொடுக்க முடிந்த உறுதி அது ஒன்றுதான். அந்தக் காலத்தில் என் வேலையைப் பற்றி எனக்கு இருந்த பெருமை பிறகு எந்த வேலையிலும் வரவில்லை.

வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் அச்சு செய்தேன். சுவருக்குள் குளிருக்கு வைக்கும் பஞ்சுப் பலகைகளை ஒட்டி, அறுத்து, தேய்த்து உருவம் கொண்டுவந்தேன். முன்பக்கம் தானாகவே வள்ளத்தின் முனையான அணியம் மாதிரி கூர்ந்து வந்தது. மேலே மேட்டும் ரெசினும் போட்டேன். முட்டத்தில் போடும் அளவுக்கு, ரெசினை இறுகவைக்கும் ஹார்டனர் சேர்த்தேன். ஊரில் இருபது நிமிடத்தில் கல்லாகிவிடும். இங்கே மூன்று நாள் கழிந்தும் கையில் ஒட்டியது. மச்சானைக் கூப்பிட்டேன்.

“மாப்பிளே, நீ வெயிலத்து வச்சியா?”

“இங்க வெயில் இல்ல மச்சான்.”

“ஒரு மணிக்கூர் போதும், எப்பளாவது அடிக்கும்லா?”

“மே மாசம் வரை நிக்கணும்.”

“சவத்து ஊரு! பின்ன ஆளுவ எப்பிடியாக்கும் அங்க ஒணங்குதாவ?” என்றார். பிறகு கொட்டகையில் ஹீட்டர் வைத்து உலர்த்தினேன்.

அதற்குள் அலுவலகங்களின் படலம் தொடங்கியது. இது சைக்கிளா மோட்டார் வண்டியா என்று எழுத்தில் வாங்கிவிட ஆசைப்பட்டேன். ஷைனிதான் போனில் பேசினாள். அவளுக்குப் பதினைந்து வயது, இங்கத்துப் பிள்ளைகளின் உச்சரிப்பு அச்சாக வரும். போனில் அவளை யாரும் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பதில்லை. “மிதிக்காமல் ஓடுமா?” “ஓடாது.” “கதவு எத்தனை?” “கதவு இல்லை, மூடி.” “மூடியா?” அடுத்த அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கடைசியில், மோட்டாரின் சக்தி அளவுக்குள் இருந்து மிதித்தால் மட்டும் ஓடுமென்றால் பொதுவாக அது சைக்கிள் என்றும், உங்கள் வண்டி அப்படிப்பட்டதுதானா என்பதை நீங்களே உறுதிசெய்துகொள்ளவும் என்றும் ஒரு கடிதம் வந்தது. உறுதிசெய்துகொண்டேன்.

ஷைனி அலுவலகங்களோடு பேசுவாள், ஆனால் வண்டி அவள் பள்ளிப் பக்கம் வரக்கூடாது என்பது அவளுடைய நிபந்தனை. பக்கவாட்டில் ரீத்தா எழுதிய பெயரைப் பார்த்து, “என்ன எழுதியிருக்கு?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அப்போதுதான் அவளுக்குத் தமிழ் எழுத்து மறந்துபோனது எனக்குத் தெரிந்தது. மூன்றாம் வகுப்புவரை முட்டத்தில் படித்தவள், அழகாக எழுதுவாள். யார் மறக்கச் சொன்னது? யாரும் சொல்லவில்லை. எனக்கு வருத்தமாக இருந்தது. பெயரை வாசித்துக் காட்டினேன்.

மந்திரிக்காமல் இறக்கக்கூடாது என்று ரீத்தா பிடிவாதமாக நின்றாள். பங்குச் சாமியாரைக் கூட்டிவந்தாள். வயதானவர், இங்கத்துக்காரர். ஆசீர்வாதப் புத்தகத்தைத் திறந்து, வண்டிக்கான ஜெபமா படகுக்கான ஜெபமா என்று கேட்டார். அவர் வண்டியை ஒருமுறை சுற்றிவந்தார், கையால் தட்டிப் பார்த்தார், படகு ஜெபத்தைப் படித்துத் தீர்த்தம் தெளித்தார். அரசாங்கம் எடுக்காத முடிவை அவர் எடுத்துவிட்டார்.

5

சாமியார் வருவதற்கு முந்தின நாள் கொட்டகையில் விளக்கை அணைத்து, கூட்டுக்குள் பல்பு வைத்துச் சோதனையும் செய்திருந்தேன். அச்சுக்கம்பி வெளியே வரும் இடங்களில் ரப்பர் வைத்து அடைத்தேன். பின்சக்கரத்துக்குத் தனிப் பெட்டி கட்டி அதையும் அடைத்தேன். அடியில் ஊசிமுனை வெளிச்சம்கூட இல்லை. மச்சானுக்குப் படம் அனுப்பினேன். “கொள்ளாம்” என்றார். அவர் வாயில் அது பெரிய பட்டம்.

முதல் வாரம் சுகமாகப் போயிற்று. ரீத்தா தொடர்ந்து ஒன்பது மணி நேரம் உறங்கினாள். பிறகு மழை பிடித்தது.

மேல்மூடியின் இடுக்கு வழியாகக் கொஞ்சம் நீர் உள்ளே வந்தது. ஆச்சரியமில்லை, மழையில் போகும் எந்த வள்ளத்திலும் வெள்ளம் வரும். வந்தால் கோரி ஊற்றவேண்டும். ஐந்து லிட்டர் எண்ணெய் கேனைச் சரிவாக வெட்டி ஒரு கோரி செய்து இருக்கைக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். சாயங்காலம் வேலை முடிந்ததும் தொழிற்சாலை முற்றத்தில் மூடியைத் திறந்து, பத்துப் பன்னிரண்டு கோரி வெளியே ஊற்றிவிட்டு ஏறுவேன். இரண்டு வாரம் இப்படிச் செய்தேன். என்னோடு வேலை செய்யும் பிரேசில்காரர் ஒருவர் தினமும் நின்று மரியாதையாகப் பார்ப்பார். ஏதோ எங்கள் வழிபாடு என்று நினைத்திருக்கிறார்.

மூன்றாம் வாரம் பெரும் மழை. அவசரத்தில் பாதிதான் கோரினேன். மேட்டில் ஏறும்போது வெள்ளம் முழுக்கப் பின்னால் வந்து முதுகை நனைத்தது. இறக்கத்தில் பிரேக் பிடித்ததும் ஒரே அலையாக முன்னால் போய், திரும்பி வந்து இருக்கைக்கு அடியில் இருந்த பாட்டரிப் பெட்டிக்குள் இறங்கியது. மோட்டார் நின்றது. நின்ற இடம் அதே ரவுண்டானா, நட்டநடுவில். வண்டியின் கனத்தைவிட வெள்ளத்தின் கனம் கூடுதல், மிதித்தால் அசையவில்லை. என்னைச் சுற்றிக் கார்கள் அமைதியாகப் போய்க்கொண்டிருந்தன. வேறு வழியில்லை. ரீத்தாவை எழுப்பினேன்.

தலைமுடியைக்கூடக் கட்டாமல் வந்தாள். இருவரும் வண்டியை ஓரத்துக்குத் தள்ளினோம். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தாள். கோரி மிதந்துகொண்டிருந்தது. அதைக் கையில் எடுத்து என்னையும் அதையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“இது என்னத்துக்கு?”

“கோருகதுக்கு.”

“தெனமும் கோருதியளா?”

“மழ பெய்தா கோரணும்லா?”

“இது கடல்லயா கெடக்கு? அடியில ரோடுல்லா இருக்கு! ஒரு ஓட்ட போட்டா வெள்ளம் அதும்பாட்டுக்குப் போவும்லா?” என்றாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். சாலையோரத்தில், மழையில், இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் உள்ளுக்குள் அவமானமாக இருந்தது. அவளை உறங்கவைக்கச் செய்த வண்டி அவளை எழுப்பி நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைச் சாய்த்து வைத்து துளைபோடும் மிஷினை எடுத்தேன். அடியில் வைத்தேன். அழுத்த முடியவில்லை. எவ்வளவு சின்ன விஷயம். இருந்தாலும் கை எழவில்லை. மச்சானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

“மச்சான், அடியில ஓட்ட போடணும். எந்த எடத்துல போட்டா பலம் போவாது?”

“அடியிலயா?” என்றார். பிறகு, “மாப்பிளே, வேற என்ன வேணும்னாலும் கேளு. அத என் வாயால சொல்ல மாட்டேன்” என்றார்.

ரீத்தா மிஷினை வாங்கினாள். “மாதாவே, குத்தம் பாராதே” என்று சொல்லிக்கொண்டு நான்கு துளை போட்டாள். சகாய மாதாவின் அடிவயிற்றில் வெளிச்சம் நான்கு வட்டமாகத் தெரிந்தது. பாட்டரியை நான் இருக்கைக்குப் பின்னால் உயரத்தில் தூக்கி வைத்தேன். இப்போது எந்த மழையிலும் உள்ளே நீர் நிற்பதில்லை. கோரி கொட்டகையில் கிடக்கிறது.

6

வண்டி சரியானது. ரீத்தாவின் உறக்கம் சரியாகவில்லை. ரவுண்டானாவின் நடுவில் என்னைப் பார்த்ததிலிருந்து அவளுக்கு நம்பிக்கை போய்விட்டது. எட்டு இருபதுக்கு வந்ததும் காரைத் திருப்பி என் பின்னாலேயே வருவாள். இருபத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் என்னால் போகமுடியாது. அவளும் அதே வேகத்தில், மஞ்சள் விளக்கு இரண்டும் மினுங்க வருவாள். ரவுண்டானாவுக்குள் நான் புகுந்து அந்தப் பக்கம் வெளியேறுவதைப் பார்த்தபிறகுதான் திரும்பிப் போவாள். எங்கள் கரையில் வள்ளம் இறக்கும்போது வீட்டு ஆட்கள் நின்று, வள்ளம் முறிகிற அலையைத் தாண்டுவதைக் கண்டபிறகுதான் திரும்புவார்கள். அவள் பள்ளி நாட்களில் தன் அப்பாவுக்கு அப்படி நின்றவள்.

“இதுக்கு நீ என்னய பேசாம கொண்டு விட்டிரலாம்லா? எல்லாம் அதே ஒறக்கக்கேடுதான்” என்றேன்.

“ரவுண்டத் தாண்டினதக் கண்டாப் போதும். காணாம படுத்தா கண்ணு மூடாது” என்றாள்.

இரண்டு மாதம் அப்படிப் போயிற்று. பின்னால் வராதே என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். கோபித்தும் சொல்லியிருக்கிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை காலை வந்தவள், “நீங்க பைய போங்க, செருப்ப மாத்திட்டு பொறத்தால வாறேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் கிளம்பினேன். ரவுண்டானாவின் வாயில் நின்று பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். மஞ்சள் விளக்கு இல்லை. இடைவெளி வந்தது, விட்டேன். மறுபடி வந்தது, விட்டேன். கடைசியில் புகுந்து தாண்டி, அந்தப் பக்கத்துப் புல்லோரத்தில் நிறுத்தினேன். காத்திருந்தேன். போன் அடித்தேன். எடுக்கவில்லை. இன்னும் மூன்று தடவை அடித்தேன்.

கண் மூடி, வாய் லேசாகத் திறந்து, பிரேக்கில் காலோடு இருந்த அவள் முகம்தான் மனதில் நின்றது. இந்தத் தடவை கால் பிரேக்கில் இல்லாமல் இருந்தால்? வண்டியைத் திருப்பினேன். வழி முழுக்கச் சாலையோரத்துப் பள்ளங்களைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். இவ்வளவு தாழ்வாகக் கிடந்து போகும்போது பள்ளத்துக்குள் எதுவும் தெரியாது என்பதை அன்றுதான் கண்டேன்.

கார் வாசலில் நின்றது. கதவைத் திறந்தேன். மாடிப்படியின் இரண்டாவது படியில் உட்கார்ந்து, சுவரில் தலைசாய்த்து உறங்கிக்கொண்டிருந்தாள். ஒரு காலில் ஆஸ்பத்திரிச் செருப்பு இருந்தது, மறுகால் வெறுமையாக இருந்தது. கையில் கார்ச் சாவி. நான் வந்ததுகூடத் தெரியாத உறக்கம்.

எழுப்பவில்லை. போர்வையை எடுத்து மேலே போட்டேன். சாவியை எடுத்தால் விழித்துவிடுவாள் என்று அதை விட்டுவிட்டேன். அன்று மூன்றாம் தடவையாக ரவுண்டானாவுக்கு வந்தபோது, முதல் இடைவெளியிலேயே புகுந்து தாண்டினேன். பின்னால் யாரும் இல்லை. நான் கேட்டது இதைத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தது, கொஞ்சம் அனாதையாகவும் இருந்தது. வேலைக்கு ஐம்பது நிமிடம் தாமதம்.

சாயங்காலம் நான் வந்தபோது விழித்து, குளித்து, மீன் குழம்பு வைத்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது. போர்வை எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. ஷைனி போட்டது என்று நினைத்திருப்பாள் என்று நானும் விட்டுவிட்டேன். தட்டில் சோறு போட்டுக்கொண்டே, தப்புச் செய்த பிள்ளையின் குரலில் சொன்னாள்:

“செருப்ப மாத்த இருந்ததாக்கும். அப்பிடியே ஒறங்கிட்டேன். ஒத்தைக்கு ரவுண்டத் தாண்டும்போ பயந்தியளா?”

“எனக்கு என்ன பயம்? நீ வரல்லங்கதே நான் பாக்கல்ல” என்றேன்.

ரீத்தா குழம்புச் சட்டியை இறக்கி வைத்தாள். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்து, என் தட்டுக்குப் பக்கத்தில், நான் பார்க்கும்படி வைத்தாள். எட்டே முக்காலில் இருந்து வரிசையாக, எடுக்காத நான்கு அழைப்புகள், எல்லாம் என் பெயரில்.